ரோலருக்குக் கொடுத்த காது

நிரோஜன், சுபா... அப்பா எழுதும் இந்த வாரப் பத்தி உங்கள் இரண்டு பேருக்கும்தான். மற்றப் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து வாசிக்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை பாடசாலையில் பேச்சுப் போட்டி. மேடையில் சுபா. அவள் குரல் மெல்லியது. வாய் அசைவது தெரிந்தது. சொல் என்னிடம் வந்து சேரவில்லை. அசைவு நின்றது. முடித்துவிட்டாள் என்று எழும்பி நின்று கை தட்டினேன் — நான் ஒருவன் மட்டும்!

அவள் முடிக்கவில்லை. ஒரு வரி மறந்து யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மண்டபமே சிரித்தது. பிள்ளை அழுதுகொண்டு இறங்கிவிட்டாள்.

"ஏம்ப்பா கை தட்டுனீங்க? அந்த வரி ஞாபகம் வந்துருச்சுப்பா. வாயத் தொறக்குறதுக்குள்ள..."

அதையும் அவள் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"டீவிய லயத்து வீடு அத்தனைக்கும் கேக்குறாப்புல வைக்கிறப்பவே சொன்னேன், டொக்டர்கிட்ட காதக் காட்டுங்கன்னு. நான் சொன்னா கோவம்தான் வரும்" என்றாள் உங்கள் அம்மா.

இருபது வருஷமாக தேயிலை பெக்டரியில், கொழுந்தைச் சுருட்டும் ரோலர்களுக்கு நடுவில் நிற்கிறேன். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவும் கத்த வேண்டும். காதில் வைக்க ரப்பர் பிளக் கொடுத்திருந்தார்கள், நூல் கோத்து. வெளிநாட்டுக்காரர் பெக்டரியைப் பார்க்க வரும் நாளில் எல்லோரும் போடுவோம். அவர்கள் வேன் வளைவைத் தாண்டியதும் — சட்டைப் பைக்குள்!

ஏன்? சத்தத்தை வைத்தே ரோலரின் கோளாறைச் சொல்லிவிடுவேன். பேரிங் தேய்ந்தால் ஒரு சத்தம். கொழுந்து கூடினால் வேறொன்று. "அண்ணன் காது இருக்கப்ப மெக்கானிக் எதுக்கு?" என்பார்கள். அடைத்துக்கொண்டால் அந்தப் பேர் போய்விடுமே! வேறு என்ன பேர் இருக்கிறது எனக்கு?

திங்கட்கிழமை டவுன் டொக்டர் பார்த்தார். "போனது திரும்பாதுங்க. மிச்சத்தையாவது காப்பாத்துங்க."

"மிச்சம் எவ்வளவுங்க?" என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். சரியாகக் கேட்கவில்லை... திரும்பக் கேட்கத் தைரியம் வரவில்லை.

பிள்ளைகளே, காது வலித்துக்கொண்டு போவதில்லை. வலித்திருந்தால் நானும் கவனித்திருப்பேன். சத்தமான இடத்தில் வேலைக்குப் போனால் முதல் நாளே அடைத்துக்கொள்ளுங்கள். திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டியோடு ஒட்டி நிற்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஒன்றுமில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை நீங்கள் இரண்டு பேரும் அம்மாவும் வீட்டை விட்டுப் போன பிறகு, பழைய சட்டைப் பையில் அந்தப் பிளக்கைத் தேடி எடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில், சுபாவின் பாடசாலை ரிப்பனுக்குப் பக்கத்தில் காயப் போட்டேன்.