பல்லக்காவின் பல்

மண் பரிசோதனைக் கூடத்தில் அவளுடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி எல்லாருக்கும் அவள் பல்லக்கா. கட்டடம் வரப்போகிற இடத்திலிருந்து மண் வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து, முன்பற்களுக்கு நடுவில் வைத்து, கண்ணை மூடி மெல்லக் கடிப்பாள். நறநறத்தால் வண்டல். வெண்ணெயாய் வழுக்கினால் களிமண். முப்பது வருஷத்தில் அவள் கடித்த மண்ணில் ஒரு குட்டி வீட்டுக்கு அடித்தளம் நிரப்பலாம் என்று அலுவலகத்தில் பேச்சு.

யாராவது கேட்டுவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவாள்.

"வண்டல் வெறும் கல்லுப் பொடி. எவ்வளவு பொடிஞ்சாலும் கல்லோட குணம் போகாது. களி அப்படி இல்ல. மழைத்தண்ணி காத்துலயும் வேர்லயும் கொஞ்சம் புளிப்ப வாங்கிக்கிட்டு பாறைக்குள்ள இறங்கும். பாறையில பளபளன்னு இருக்குமே ஃபெல்ஸ்பார், அதுல இருக்கிற சோடியம், பொட்டாசியத்தை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா உருவிக்கிட்டுப் போயிடும். மிச்சம் நிக்கிறது கல்லே இல்ல, வேற பொருள். அதான் களி. நம்ம பக்கத்துக் களி நனைஞ்சா உப்பும், காஞ்சா சுருங்கும். மேல சுவரு வெச்சா சுவரும் கூடவே ஆடும்."

இதைக் கண்டுபிடிக்க ஜாடிச் சோதனையும் உண்டு. மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடி ஜாடியில் வைத்தால், வண்டல் சில மணி நேரத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். ஆனால் ஒரு நாள் பொறுக்கிற கான்டிராக்டர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அதனால் பல்லக்கா சொன்னதும் வேலை தொடங்கிவிடும். ஜாடி பிறகு கோப்புக்காக ஆமாம் போடும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் முன்பற்கள் ஆடத் தொடங்கின. பிடுங்கிவிட்டு, மேலும் கீழும் செட்டுப் பல் கட்டினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் செட்டுப் பல்லுக்குக் களியும் ஒன்று, வண்டலும் ஒன்று. பல்லு போனால் சொல்லு போச்சு என்பது இப்படியா வந்து பலிக்க வேண்டும்? பல்லக்கா பயந்துபோனாள். பல் இல்லாத பல்லக்காவுக்கு அங்கே ஜாடி கழுவுவதைத் தவிர வேறென்ன வேலை இருக்கும்? யாரிடமும் மூச்சு விடவில்லை. மண்ணைக் காகிதத்தில் மடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிற சாக்கில் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வீட்டின் முன்னறையில் அவள் கணவரின் தையல் கடை. "இத்தனை நாள் நீ தின்னது பத்தாதா, என்னையும் தின்னச் சொல்றியா?" என்றவர், மூன்றாம் நாள் இறங்கி வந்தார். கையை வாய்க்குக் கொண்டுபோவார், மெல்லுவார், அவளை ஒரு பார்வை பார்ப்பார், "நறநற" என்றோ "வெண்ணெய்" என்றோ சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போவார். ஆறு மாதத்தில் ஒன்றுகூடப் பிசகவில்லை. மனுஷனுக்கு இப்படி ஒரு திறமையா என்று அவளுக்குப் பெருமைகூட வந்தது.

அப்போதுதான் பள்ளிக்கூடத்து மண் வந்தது. மூன்று மாடி. அவர் "நறநற" என்றார். அவள் "வண்டல்" என்றாள். மறுநாள் காலை கான்கிரீட் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை ஜாடி பால் ஊற்றிய டீ மாதிரி கலங்கி நின்றது. ஜாடியைக் கொட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் மேலே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள். பல்லக்கா நேராக இன்ஜினியர் அறைக்குப் போய், செட்டைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தாள்.

"கான்கிரீட் லாரிய நிறுத்துங்க சார். அது களி. நான் சொன்னது தப்பு. எனக்குப் பல்லே இல்ல."

இன்ஜினியர் மேஜையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முதலில் போனை எடுத்து லாரியை நிறுத்தினார். பிறகுதான் கேட்டார்: "அப்ப ஆறு மாசமா யாரு பல்லு?"

சொன்னாள். அவமானத்தில் அழுகை வந்தது. வீட்டுக்குப் போனதும் கோபம் வந்தது.

"என் வாயில மண்ணப் போட்டுட்டீங்களே!"

"நான் எங்க போட்டேன்? முப்பது வருஷமா நீயே போட்டுக்கிட்டதுதானே." அவர் தையல் மெஷினை நிறுத்தினார். "ஒண்ணு சொல்றேன், திட்டாதே. நான் ஒரு நாளும் கடிச்சதே இல்ல. அந்தக் கருமத்த யாரு வாயில வைப்பா? மண்ணு என் உள்ளங்கையிலயே இருக்கும்."

"பின்ன எப்படிச் சொன்னீங்க?"

"நீ காகிதத்தைப் பிரிச்சு விரலால நசுக்கிக் குடுப்பியே, அப்பவே உனக்குத் தெரிஞ்சிடும். களின்னா உன் புருவம் சுருங்கும். உன் மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னேன். நேத்து நீ அந்தப் பக்கம் திரும்பி அடுப்பு துடைச்சிக்கிட்டு இருந்தே. நான் என்ன செய்வேன்? குத்துமதிப்பா அடிச்சு விட்டேன்."

பல்லக்கா வாயைப் பிளந்து நின்றாள். செட்டு இன்னும் கைப்பையில்தான் இருந்தது.

மறுநாள் புது மண் வந்தது. இன்ஜினியர் எதிரிலேயே இரண்டு விரலில் வைத்து நசுக்கினாள். "ஜாடி சொல்லட்டும் சார்" என்றாள். மத்தியானம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்க் கணவர் எதிரில் நிமிர்ந்து நின்றாள்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "களி."

அடுத்த நாளும் ஜாடி தெளியவில்லை.