பம்பு நன்றாகத்தான் இருந்தது

கோட்டைக்குப்பத்தில் கிளட்ச் இல்லாத கார் என்னுடையது ஒன்றுதான். ஆசைப்பட்டு வாங்கியதல்ல. ஏரியில் நண்டு வலை எடுக்க இறங்கியபோது இடது பாதத்தில் திருக்கை முள் ஏறியது. சர்க்கரை உடம்பு. புண் ஆறவில்லை, மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. கடைசியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் வலது கால் மட்டும் போதும் என்று யாரோ சொன்னார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு மாற்றலாகிப் போன ஒருவரிடம் பழைய வண்டி ஒன்று கிடைத்தது. துறைமுகம் வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். அந்தத் துறைமுகத்துக் கார்தான் எனக்குக் காலாக வந்து சேர்ந்தது. இதற்கெல்லாம் வெட்கப்பட்டால் வயிறு நிறையுமா?

நண்டுக் கூடைகளைப் பொன்னேரிக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். பிரசவ வலி எடுத்த பெண்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனேன். கால் போன பிறகு என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியவர்கள், கார் வந்த பிறகு ‘நாளிக்கு வருவியா?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விக்காகவே காலையில் எழுந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை.

பொன்னேரியிலிருந்து திரும்பும்போது ஒருநாள் கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. மச்சானுக்குப் போன் செய்தேன். என் மனைவியின் தம்பி. படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். மீன் ஏற்றும் குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினான். தோளில் நங்கூரக் கயிறு கிடந்தது.

“ஊட்டாண்ட இஸ்துனு போயி பாத்துக்கலாம் மாமா. நடுரோட்டுல வுட்டுட்டா வருவாங்க?”

எங்கள் ஆட்களுக்கு அது முடியாது. நின்றுபோன படகைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாதவனின் படகாக இருந்தாலும் கயிறு வீசித்தான் ஆகவேண்டும். எனக்கும் வேறு யோசனை தோன்றவில்லை. நியூட்ரலில் போட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கயிறு தொய்யாமல் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவது என் வேலை. எஞ்சின் ஓடாத காரில் பிரேக் கல்லாக இருக்கும். வலது கால் கடுத்தது. ஒவ்வொரு வளைவிலும் மச்சான் ஜன்னல் வழியே கையை நீட்டிக் கட்டைவிரலைக் காட்டினான். பதிலுக்கு நானும் காட்டினேன்.

வீட்டில் வந்து பார்த்தால் ஒரு பியூஸ் போயிருந்தது, அவ்வளவுதான். மாற்றினான், எஞ்சின் பிடித்துக்கொண்டது. கியரை டி-யில் போட்டு மிதித்தேன். சத்தம்தான் வந்தது. சேற்றில் படுத்த எருமை மாதிரி வண்டி அசையவில்லை.

மச்சான் போனில் ஏதேதோ வீடியோ பார்த்துவிட்டு, “கியர்பாக்ஸ் பம்பு பூட்ச்சி மாமா. அதான் உள்ள ஆயில தள்ளுது. ஆயில் தள்ளலன்னா கியர் புடிக்காது. பம்ப மாத்திட்டா ஓடும்,” என்றான். பம்பு மட்டும்தான் என்று கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கல் அடுக்கி, படகு எஞ்சின் தூக்கும் சங்கிலியில் கார் எஞ்சினைத் தாங்க வைத்து, கியர்பாக்ஸைப் பழைய டயர் மேல் இறக்கினான். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுப்பாக வந்தது. தீய்ந்த கருவாட்டு வாடை. நான் அடுத்த ஸ்பேனரை எடுத்து நீட்டினேன். முன்னால் இருந்த பெரிய உருளையை உருவி எடுத்தான். அதற்குப் பின்னால் பம்பு. சுற்றிலும் இருந்த போல்ட்டுகளைக் கழற்றியும் அது வரவில்லை. ரப்பர் வளையம் கவ்விப் பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் நீள போல்ட்டை முறுக்கி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக இழுத்தான். ஒரு பக்கமாக இழுத்தால் கோணிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். ஒருவழியாகக் கையோடு வந்தது.

துணியால் துடைத்தான். பல்லெல்லாம் பளபளவென்று இருந்தது. விரலை விட்டுச் சுற்றினான், வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஒரு கீறல் இல்லை. பிறகு, பம்பு இருந்த இடத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே எல்லாம் கரி.

சென்னையில் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்கிற ஒருவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“பம்பு நல்லாக்கீது, உள்ள கருகிக்கீதுன்ற. வண்டிய கயிறு கட்டி இஸ்தீங்களா?”

“இல்லீங்க,” என்றேன் நான். மச்சான் முகத்தைப் பார்த்ததும் வாயில் அதுதான் வந்தது.

“இஸ்தோம்ண்ணா. பொன்னேரிலேந்து. நான்தான் இஸ்தேன்,” என்றான் அவன்.

“எஞ்சின் ஓடுனாதாம்பா பம்பு சுத்தும். எஞ்சின ஆப் பண்ணிட்டு சக்கரத்த சுத்தவுட்டா, ஆயில் போவாம எல்லாம் காஞ்சி கருகிப்பூடும். நின்ன எடத்துலயே வுட்டுட்டு வந்திருந்தா ஒரு பியூஸோட போயிருக்கும். அந்த வண்டிக்கு வேற கியர்பாக்ஸ் கெடைக்கிறது குதிரக்கொம்பு.”

போன் வைத்த பிறகு மச்சான் பம்பைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் வந்தது. கையிலிருந்த ஸ்பேனரை அவன் மேல் வீசிவிடலாமா என்கிற அளவுக்கு வந்தது. உள்ளேயிருந்து என் மனைவி, “தம்பிய ஒண்ணும் சொல்லிடாத,” என்றாள். என்ன சொல்வது? திருக்கை குத்திய அன்று நான் படகுக்குள் சுருண்டு கிடந்தேன். அதே கயிற்றைக் கட்டிக் கரை வரைக்கும் இழுத்து வந்தவன் இவன். அன்றைக்கு விட்டுவிட்டு வந்திருந்தால் கால் அல்ல, நானே போயிருப்பேன். ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

வேறு கியர்பாக்ஸ் தேடாத இடமில்லை. ‘நாளிக்கு வருவியா?’ என்று கேட்டவர்கள் கொஞ்ச நாள் ‘எப்ப ரெடியாவும்?’ என்று கேட்டார்கள். பிறகு அதையும் கேட்கவில்லை.

எளாவூர்ப் பக்கம் பழைய வண்டி வாங்குகிற ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கழற்றியதை எல்லாம் அரைகுறையாக உள்ளே ஏற்றிவிட்டு, மச்சான் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“கட்டவா மாமா?”

“கட்டு. இனிமே கெட்டுப்போவ இன்னா கீது?”

நல்ல நிலையில் இருந்த ஒரே சாமான் பம்புதான். மண் படாமல் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். குட்டியானை நகர்ந்தது. வளைவுகள் வந்தன. மச்சான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கயிறு தொய்யாமல் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டே போனேன். எளாவூர் வந்ததும் கயிற்றை அவிழ்த்தார்கள். பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்தேன். மிச்சம் இருந்த அந்தக் காலுக்கும் அன்றோடு வேலை போய்விட்டது.