கலங்கல் வாயில் பூவம்மாள்

மணவூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் பூவம்மாள். கணவன் போன பிறகும் திருத்தணிக்கு மேற்கே இருந்த அரை ஏக்கரை அவள் தரிசாக விட்டதில்லை. அதற்கு ஓடைத் தண்ணீரை விட்டால் வேறு பாசனம் கிடையாது.

2019-ல் சென்னைக்காரர் ஒருவர் மேல்புற நிலத்தை வாங்கி ரிசார்ட் கட்டினார்; ஓடைக்குக் குறுக்கே மண் கரை எழுப்பி, தேங்கிய குட்டையில் படகு விட்டார். குட்டை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாகக் கீழே வழியும் என்றார்கள். அதை நம்பித்தான் அந்தக் கரைக்குப் பூவம்மாளும் மண் சுமந்தாள். சில வருடம் வழிந்தது. போன ஐப்பசியில், படகு தரை தட்டுகிறதென்று கலங்கல் வாயில் பலகையைச் செருகிவிட்டார்கள். மேலே குட்டை ததும்பியது. கீழே அவளுடைய நாற்று முற்றிக்கொண்டிருந்தது; நடவுக்குச் சேறு கலக்கத் தண்ணீர் இல்லை.

கேட்கப் போனவளிடம் மேனேஜர் நாகராஜன் வேறு கதை பேசினார். குளம் முதலில் வழிகிற அன்று கலங்கல் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பூ விடுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

"ஞாயித்துக்கிழமை நல்ல பொடவையா கட்டிக்கினு வா, பூவம்மா. கெஸ்டுங்க முன்னால கங்கம்மா பூஜை பண்ணணும். போட்டோ எடுப்பாங்க."

"தண்ணி போவாத கலங்கலுக்கு இன்னா சார் பூஜை?"

"சும்மா ஒரு ஷோ தானே!"

பூவம்மாள் விடுவிடுவென்று திரும்பி நடந்தாள். தண்ணீரையும் மறித்து, சாமியையும் வேடிக்கைக்குக் கூப்பிடுகிறானே!

ஞாயிறன்று தட்டோடு வந்தாள். செல்போன்கள் உயர்ந்தன.

"தண்ணி வழிஞ்சாத்தான் மஞ்சள் பூசுவேன். பலகைய எடுங்க."

"எடுங்களேன், வெயில் ஏறுது" என்றாள் வந்திருந்த ஒரு பெண்.

நாகராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு கை காட்டினார். படகோட்டி வேடியப்பன், பூவம்மாளின் கொழுந்தன், பலகையை உருவினான். தண்ணீர் பாய்ந்தது. பூஜை முடிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள்.

"போதும், பலகைய போடுடா."

பூவம்மாள் கலங்கல் வாயிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, புதுப் பொடவை நனையுது. எழுந்துருங்க."

"நனையட்டும். மஞ்சள் பூசின வாய எவனாவது அடைப்பானா? போடணும்னா என் மடிமேல போடு, பாக்கலாம்!"

வேடியப்பன் பலகையைக் கரையில் சாய்த்துவிட்டு, பீடி தேடுகிறவன்போல் அப்பால் போனான்.

"போலீஸைக் கூப்புடுவேன்!" என்று கத்தினார் நாகராஜன்.

"ஆங், கூப்புடுங்க. அவங்க வர்ற வரைக்கும் தண்ணி போவும் இல்ல?"

கீழே, வெடித்துக் கிடந்த வயலுக்குள் தண்ணீர் நுழைந்தது. முதுகுக்குப் பின்னால் படகு தரை தட்டும் சத்தம் கேட்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.