எல்லைச் சாலைத் தண்ணீர்

மாநகராட்சி வடிகால் பிரிவில் அவரை எல்லோரும் ‘ஸ்கேல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டட வரைபடங்களைச் சரிபார்ப்பது வேலை. கண்ணாலேயே அளந்துவிடுவார், கால் அங்குலம் பிசகினாலும் வரைபடம் வந்த வழியே திரும்பிப் போகும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவரைப் படிக்கவைத்து ஆளாக்கியது அண்ணன். எல்லைச் சாலையைத் தாண்டினால் அடுத்த நகரம். அங்கே, தெருவிலிருந்து மூன்று படி இறங்கிப் போகிற மாதிரி, தையல் மிஷின் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார் அண்ணன்.

சாலையின் இந்தப் பக்கம் பெரிய கிடங்கு கட்ட ஒரு வரைபடம் வந்தது. கூரைத் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடுகிற மாதிரி வாட்டம். கூரையில் விழும் மழையை மனையிலேயே தொட்டியில் தேக்கி மெதுவாக விடவேண்டும் என்பது இந்த நகரத்தின் விதி. தண்ணீர் எல்லைக்கு வெளியே போவதானால் மட்டும் தொட்டி வேண்டாம். அக்கா ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார்.

“விதியில இடம் இருக்கா, இல்லையா?” என்றார் பொறியாளர்.

“இருக்கு சார். ஆனா கீழ இருக்கிறவங்க...”

“அது அவங்க ஊர். அவங்க பார்த்துப்பாங்க. கையெழுத்துப் போடுங்கக்கா, ஃபைல் தேங்கிக் கிடக்குது.”

கேள்விக்குறியை அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கிடங்கு எழும்பிய பிறகு வந்த முதல் மழைக்காலம். ஒரு பிற்பகல், முக்கால் மணி நேர மழைக்கே அண்ணன் கடையில் இடுப்பளவு தண்ணீர். நம்பிக் கொடுத்தவர்களின் மிஷின்களைத் தூக்கி மேலே வைக்கப் போனவரின் காலைத் தகரம் கிழித்தது. சாக்கடை கலந்த தண்ணீர். மூன்றாம் நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி.

கட்டிலருகே உட்கார்ந்திருந்த அக்காவால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அண்ணா, அந்தக் கிடங்குக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

அண்ணன் அவரைப் பார்த்தார். “தண்ணி நம்ம கடைப் பக்கம் வரும்னு தெரியுமா பாப்பா?”

“தெரியும்.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் நினைவு தப்பியது. பிறகு கண் விழிக்கவே இல்லை.

விடுப்பு முடிந்து வந்த அக்கா, அடுத்த நகரத்தின் விதிப்புத்தகத்தை வாங்கி வந்து இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டார். அங்கே, தங்கள் எல்லைக்குள் விழும் மழையை மட்டும் வைத்தே குழாயின் அகலத்தை முடிவு செய்திருந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரி. எல்லையைத் தாண்டும் தண்ணீர்தான் யார் கணக்கிலும் இல்லை. பதினோரு பக்கம் எழுதி, தான் செய்ததையும் மறைக்காமல், இரண்டு அலுவலகங்களுக்கும் கொடுத்தார். நடையாய் நடந்தார். ஒன்றரை வருஷத்தில் இரண்டு நகரங்களும் விதியைத் திருத்தின. கிடங்கிலும் தொட்டி கட்டவைத்தார்கள்.

அண்ணியிடம் போய், கையெழுத்துப் போட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அண்ணி முழுவதும் கேட்டார்.

“நீ போடலன்னா வேற யாராவது போட்டிருப்பாங்க. எனக்குப் புரியுது,” என்றார். “ஆனா நீ போட்டிருக்கக் கூடாதும்மா.”

இப்போதும் அண்ணி போன் செய்கிறார். சாப்பிட்டாயா, பிரஷர் மாத்திரை போட்டாயா என்று விசாரிக்கிறார். வீட்டுக்கு வா என்று கூப்பிடுவதில்லை. அக்காவும் கேட்பதில்லை.