ஈயச்சட்டியில் தெளித்த தண்ணீர்

பிள்ளைகளே, அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு வந்து அரை நாள் வாங்கில் குந்தியிருந்தீர்கள். அப்பா ஏன் ஒரு வெடிகூட வைக்கவில்லை என்று கேட்டதற்கு, தோள் நோகுது என்றேன். அது பொய்.

நானே வார்த்த இருபது குண்டுகளால் இலக்கு அட்டையில் சுட்டுக் காட்டுவேன் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் முதல் நாள் சனிக்கிழமை புறநகரான பொண்டிக்குப் போய் மாமாவின் கராஜில் நின்றேன். உங்கள் மாமா பல வருடமாக அந்தக் கிளப்பில் பழைய மாதிரித் துப்பாக்கியால் சுடுகிறவர். தன் குண்டுகளைத் தானே ஈயம் உருக்கி வார்ப்பார். என்னைவிட இளையவர், ஆனாலும் அன்று என்னை வாய் திறக்க விடவில்லை. கதவைத் திறந்து வையுங்கோ. கையுறையைப் போடுங்கோ. கண்ணாடியைக் கழட்டாதைங்கோ. அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடியிலோ நிமிடத்துக்கு ஒருமுறை ஆவி படிந்தது.

உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றித் திறந்தால், குண்டு முந்திரிகை வத்தல் மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. இரண்டாவதும் அப்படி. எட்டாவதும் அப்படி.

"அச்சு இன்னும் சூடேறேல்லை, அத்தான். திருப்பிச் சட்டியிலை போடுங்கோ."

"எத்தினை தரம் போடுறது? எப்பதான் சூடேறும்?"

"இஞ்சை ஆரும் ஓடர் குடுத்திட்டு நிக்கேல்லை. பொறுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருடமாக ரூ லூயி-பிளாங் தெருக் கடையில் தோசை சுடுகிறவனுக்குச் சூடு பார்க்கத் தெரியாதா? கையுறையைக் கழற்றி எறிந்தேன். குடிக்க வைத்திருந்த தண்ணீருக்குள் என் விரல்கள் போனதை நானே கவனிக்கவில்லை. கல்லில் தெளிப்பதுபோல் ஈயச்சட்டியில் தெளித்துவிட்டேன்.

படாரென்று ஈயம் சிதறியது. மாமா பாய்ந்து அடுப்பை அணைத்தார். என் இடது கண்ணுக்கு நேரே, கண்ணாடியில், பருப்பளவு ஈயம் ஒட்டியிருந்தது.

"கண் தெரியுதோ?"

"ஓம்."

"அப்ப வீட்டை போங்கோ. இது தோசைக்கல்லில்லை."

மறுநாள் கிளப்பில் மாமா தன்னுடைய குண்டுகளில் இருபதை எண்ணி நீட்டினார். வேண்டாம் என்றேன். வாங்கிச் சுட்டிருந்தால், நான் வார்த்தவை என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

திங்கள் காலை கடைச் சமையலறையில் நான் மட்டும்தான். கல் காய்ந்தது. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போன கை பாதியில் நின்றது. மாமாவிடம் திருப்பிக் கொடுக்காமல் பைக்குள் கிடந்த அந்தக் கண்ணாடியை, ஈயப் பொட்டோடு, எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஓர் அடி பின்னால் நின்று தெளித்தேன்.