தனி அடுப்பு

எங்களுக்குத் தனி ரேஷன் கார்டு கிடைக்கக் காரணம் ஓர் அடுப்பு. அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் இருந்தோம். மொரப்பூர் ரயில் சத்தம் கேட்கும் தொலைவில் உள்ள ஊர். ஒரே கூரை, ஒரே வாசல். ஆனால் தாலுகா ஆபீஸ் வழக்கப்படி அடுப்பு தனியென்றால் குடும்பமும் தனி. அம்மா மண் குழைத்து அடுப்புப் போட்டார். கார்டு வந்தது.

பெரியப்பாவுக்குக் கிணற்று நிலம் இருந்ததால் அவர்கள் கார்டுக்குச் சர்க்கரையும் மண்ணெண்ணெயும்தான். எங்கள் கார்டுக்கு அரிசி உண்டு. சில வாரங்களில் அதற்குப் பதில் கோதுமை, அல்லது மைலோ என்ற சிவப்புச் சோளம். எழுபதுகளில் மழை பொய்த்த அந்த ஆண்டு கூலி வேலையும் இல்லை. கார்டு போனால் எங்கள் சாப்பாடு போயிற்று.

ஒரு நாள் ரேஷன் கடைக்காரர் எங்கள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க மேல பேச்சு வந்திருக்குதும்மா. ஒரே அடுப்புல பொங்கித் தின்னுட்டு ரெண்டு கார்டு வச்சிருக்கறதா சொல்றாங்க. செக்கிங் வருவாங்க, பாத்துக்கங்க."

யார் சொன்னது என்று அம்மா கேட்டார். கடைக்காரர் தராசைப் பார்த்தார்.

அம்மாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "உங்க பெரிம்மாதான். அவங்க களி திங்கறாங்க, நாம சோறு திங்கறோம். பாக்க முடியுமா அவளுக்கு?"

இரு வீட்டுக்கும் பேச்சு இல்லாவிட்டாலும், அவர்கள் அடுப்பிலிருந்து சட்டி ஓட்டில் கங்கு எடுத்து வந்துதான் எங்கள் அடுப்பை மூட்டுவோம். தீக்குச்சி மிச்சம். அன்றே அம்மா அதை நிறுத்திவிட்டார். நான் சட்டி ஓட்டோடு வாசலைக் கடப்பதை எவராவது பார்த்து, அதைச் சோறு என்று சொல்லிவிடுவார்களாம்.

செக்கிங் வந்தது ஈஸ்டருக்கு முந்தைய தபசுக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிகளில் அம்மா ஒருசந்தி இருப்பார். ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதைச் செபம் முடிந்து வந்து அடுப்பு மூட்டிய பிறகு. பெரியம்மா வயிற்றுப் புண்ணைச் சொல்லி ஒருசந்தி இருப்பதில்லை. கிணறு தூர் வாரும் ஆட்களுக்கு அன்று அவர் களி கிண்டிக்கொண்டிருந்தார்.

தாலுகா ஆபீசிலிருந்து வந்தவர் வேறு மாவட்டத்துக்காரர். நேராக எங்கள் அடுப்புக்குப் போய்க் குந்தி, சாம்பலுக்குள் இரண்டு விரலை விட்டார். பிறகு குந்தியபடியே பெரியம்மாவின் அடுப்பை எட்டிப் பார்த்தார்.

"மத்தியானம் ஆயிடுச்சு. உங்க அடுப்பு மட்டும் ஏன் சில்லுன்னு இருக்கு?"

அம்மா தலை குனிந்துகொண்டு சொன்னார்: "ஒருசந்திங்க."

"ஒரே பந்தியா? அதைத்தானே கேக்க வந்தேன். எல்லாரும் அங்கே ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடறீங்க. அப்புறம் எதுக்கு ரெண்டு கார்டு?"

அம்மா அதே சொல்லை இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார். அது வந்தவருக்கு ஒப்புக்கொள்வது போலவே கேட்டிருக்கும்.

"பந்தி இல்லீங்க சார், சந்தி. விரதம்," என்றேன்.

"பொண்ணுக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க," என்றவர் பெரியம்மா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இவங்க உங்க வீட்லதானே சாப்பிடறாங்க?"

அம்மா என் கையைப் பிடித்தார். பெரியம்மா களித் துடுப்போடு வெளியே வந்தார்.

"இவளா? எங்கூட்டுல ஒரு வாய் தண்ணி குடிப்பாளா, கேளுங்க. எம்மவ கலியாணத்துக்கே வந்து எலையில ஒக்காரல. புருசன் பங்க நாங்க முழுங்கிட்டமாம், ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா. இவளுக்கு நான் சோறு போடுவனா?"

"முழுங்கலையா பின்ன?" என்றார் அம்மா.

"பாத்தீங்களா சார்?"

வந்தவர் எழுந்து, விரலில் ஒட்டிய சாம்பலைத் துடைத்துக்கொண்டார். "போதும், போதும். இது ரெண்டு குடும்பம்தான்."

கார்டு தப்பியது. சிலுவைப்பாதைக்குப் போகும் வழியில், பெரியம்மா நமக்காகத்தானே அப்படிச் சொன்னார் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நமக்காகவா? ஒரே குடும்பம்னு ஆபீஸ்ல எழுதிட்டா நாளைக்கி நாம பங்கு கேப்பம்ல. அந்த பயம் அவளுக்கு."

அப்படியும் இருக்கலாம். முதலில் பேச்சைக் கிளப்பியது யார் என்பதும் எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கோவிலிலிருந்து திரும்பியபோது எங்கள் கதவோரம் ஒரு சட்டி ஓடு இருந்தது. அதில் சாம்பல் தூவி மூடிய கங்கு. பெரிய வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அம்மா ஓட்டைப் பார்த்தார், பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"யார் பாக்கறதுக்கு வச்சாளோ," என்றார். கங்கு அங்கேயே அவிந்தது. அம்மா தீக்குச்சி கிழித்து உலை வைத்தார்.