கோழிகளுக்குப் பிடித்த இரைச்சல்

பிள்ளைகளா, நான் பத்தாவது வரைதான் படித்தவன். பாட்டின் தரம், ஒலியின் தரம் என்றெல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரே கேசட்டைப் பல வருடம் கோழிகளோடு சேர்ந்து கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

நான் மேற்பார்வை பார்க்கும் முட்டைக்கோழி ஷெட், பரமத்தி வேலூர் போகும் ரோட்டை ஒட்டி இருப்பது உங்களுக்குத் தெரியும். லாரி ஹாரன் அடித்தால் கோழிகள் மிரளும். மிரண்டால் முட்டை குறையும், விழுகிற முட்டையும் ஓடு இல்லாத தோல்முட்டையாக விழும். அதனால் எங்கள் ஷெட்டில் நாள் முழுக்கப் பாட்டு ஓடும். கோழிகள் மாறும், கேசட் மாறாது.

அந்தக் கேசட், பெரியவன் தொட்டிலில் கிடந்தபோது ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து நான் பதிந்தது. ஆகவே பாட்டோடு குக்கர் விசிலும் இருக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று டேப்பின் இரைச்சல் இருக்கும். மூன்றாவது பாட்டின் மேல் உங்கள் அம்மா இருப்பாள்.

“மோட்டாரப் போட்டுட்டு இங்க உக்காந்து பாட்டுக் கேக்கறீங்க. தொட்டி ரொம்பி ஊடெல்லாம் தண்ணி. நாஞ் சொல்றது காதுல உழுகுதுங்களா இல்லீங்களா?”

மணிக்கு ஒரு முறை அவள் அப்படி என்னைத் திட்டுவாள். கோழிகள் குஞ்சாக வந்த நாள் முதல் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தன.

போன வருடம் முதலாளி பென் டிரைவ் போடுகிற புது ஸ்பீக்கர் எட்டு வாங்கி மாட்டினார். சத்தம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதுதான் வினையாகிவிட்டது. ஒரு பாட்டு முடிந்தால் அடுத்தது தொடங்கும்வரை சுத்தமான அமைதி. அந்த அமைதிக்குள் லாரி ஹாரன் நேராக வந்து விழுந்தது. நூறு தட்டு முட்டை வருகிற ஷெட்டில் எழுபது கூட வரவில்லை. டாக்டர் வந்து பார்த்து, நோய் ஒன்றும் இல்லை என்று போய்விட்டார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள தேறலீன்னா கழிவுக்கோழி வண்டிக்குச் சொல்லிருவேன்” என்றார் முதலாளி. “அத்தனையும் கறிக்குப் போயிரும். ஷெட்ட மூடிட்டா நீயும் வேற பக்கம் பாத்துக்க, சாமி.”

அன்றே பழைய கேசட்டைப் போட்டேன். கோழிகள் அடங்கின. மறுநாள் டேப் சிக்கி, பாதி நைந்து வெளியே வந்தது. பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்துக்கொண்டு, டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் பழைய கேசட்டைப் பென் டிரைவுக்கு மாற்றித் தருகிற கடைக்குப் பஸ் ஏறினேன். சாயங்காலம் கடைக்காரர் பெருமையாக நீட்டினார்.

“ஒரு பொட்டு இரைச்சல் இல்லண்ணா. நடுவுல யாரோ ஒரு அம்மா கத்திட்டு இருந்தாங்க. அவங்களையும் தொடச்சு எடுத்துட்டேன்.”

“அது என் வீட்டுக்காரிங்க.”

அவர் எழுந்து நின்றார். “தெரியாதுங்கண்ணா, மன்னிச்சுக்குங்க.”

துடைக்காத பதிவு இருக்கிறதா என்றேன். அழித்துவிட்டாராம். டேப்பும் கடைசி ஓட்டத்தோடு அறுந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை, சுத்தமான பாட்டுக்குக் கோழிகள் பழையபடி மிரண்டன. முதலாளி வேறு வழியில்லாமல் உங்கள் அம்மாவை வரவழைத்து, முகத்துக்கு நேராக போனைப் பிடித்தார்.

“அம்மிணி, அன்னைக்கு மாதிரி இவன ரெண்டு வார்த்தை திட்டு.”

“சும்மா எப்படிங்கண்ணா திட்டறது? இப்ப அவரு என்ன பண்ணிப்புட்டாரு?”

முதலாளி கொஞ்சம் யோசித்தார். “பொதுவா, புருசன்னு ஒருத்தன நெனச்சுக்க.”

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கல்யாணத்துக்கு அழைக்கிற குரலில், “ஏனுங்க, கொஞ்சம் பாத்து நடந்துக்குங்க” என்றாள். எட்டு ஸ்பீக்கரிலும் அதைப் போட்டோம். வளையல் உரசுவது வரை கேட்டது. ஒரு கோழியும் அதற்கு அடங்கவில்லை.

கிளம்பியவள் மூன்றாம் வரிசையில் தண்ணீரில் கால் வைத்தாள். போனுக்கு சார்ஜர் எடுக்க ஓடிய அவசரத்தில் குடிநீர்க் குழாயை நான் மூடாமல் விட்டிருந்தேன்.

“இதென்ன குளமாட்ட நிக்குது? ஊட்டுலதான் தண்ணியக் கொட்டறீங்கன்னா, இங்கயுமா? கோழிக்கு இருக்கற அறிவு கூட இல்லீங்களே உங்களுக்கு.”

குழாய் தன் பங்குக்கு ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைந்துகொண்டிருந்தது. ரோட்டில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துப் போனது. ஷெட்டில் ஒன்றுகூட இறக்கையை அடிக்கவில்லை. எல்லாம் ‘கொர்ர்’ என்று அடித்தொண்டையில் பேசிக்கொண்டு தீவனத்தில் தலையை விட்டன.

குழாயை மூடப் போன என் தோளை முதலாளி பிடித்துக்கொண்டார். “நகராத. பதில் பேசாத. அம்மிணி, நீ நிறுத்தாத.”

அதையும் போனில் பிடித்தார். போன் தானாகவே தண்ணீர் இரைச்சலை வடிகட்டிவிட்டு அவள் குரலை மட்டும் தனியாக வைத்திருந்தது. போட்டதும் கோழிகள் மிரண்டன. முதலாளி அந்தப் பதிவை அழித்துவிட்டு, அன்று முழுக்க அவளை ஷெட்டிலேயே இருக்கச் சொன்னார். குழாயையும் லேசாகத் திறந்தே வைத்தார்.

வெள்ளிக்கிழமை எண்பது தட்டுக்கு மேல் வந்தது. கழிவு வண்டி வந்த வழியே காலியாகத் திரும்பியது.

இப்போது உங்கள் அம்மாவுக்கும் அங்கேதான் வேலை. முட்டை பொறுக்குகிறாள். பத்து மணிக்கும் நாலு மணிக்கும் என்னைத் திட்ட வேண்டும். தடுப்பூசிப் பட்டியலுக்குப் பக்கத்தில் டாக்டரே நேரம் எழுதி ஒட்டியிருக்கிறார். பொய்யாகத் திட்ட அவளுக்கு வராது. ஆகவே நான் தினமும் நிஜமாகவே இரண்டு தப்பு செய்தாக வேண்டும். நேற்று வேலை மும்முரத்தில் நாலு மணித் தப்பைச் செய்ய மறந்துவிட்டேன். அதற்காகத் திட்டினாள்.